பூட்டிய பள்ளியில் ஓடும் மீட்டர்: பள்ளிக்கூடத்தில் ஆற்றல் தணிக்கை செய்வது எப்படி?

ஒரு பள்ளிக்கூடம் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது? 220 வேலை நாள், நாளொன்றுக்கு 9 மணி நேரம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 1,980 மணி நேரம் வருகிறது. ஆண்டின் மொத்த மணி நேரம் 8,760. மீதி 6,780 மணி நேரம், அதாவது முக்கால் பங்குக்கும் மேல், வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கின்றன. மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் இயற்பியல் ஆசிரியர். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் பள்ளியிலும் அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றிலும் ஆற்றல் தணிக்கை, அதாவது மின்சாரம் எங்கே, எவ்வளவு செலவாகிறது என்று அளந்து கணக்கெடுக்கும் வேலை, செய்து வருகிறேன். இந்த வேலையில் முதன்முறை இறங்குபவர்கள் நேராகப் போய் மின்விசிறிகளையும் டியூப்லைட்டுகளையும் எண்ணத் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது யார் கேட்டாலும் முதலில் சொல்வது வேறு: ஆளிருக்கும் நேரத்துச் செலவைப் பிறகு பார்க்கலாம், ஆளில்லாத நேரத்துச் செலவை முதலில் கண்டுபிடியுங்கள். அதைக் குறைப்பதால் எந்தக் குழந்தைக்கும் காற்றோ வெளிச்சமோ குறையப்போவதில்லை.

இங்கே எழுதியிருப்பது, தாழ்வழுத்த மின் இணைப்பில் (வீடுகளுக்கு வருவது போன்ற சாதாரண இணைப்பில்) இயங்கும் சாதாரணத் தமிழ்நாட்டுப் பள்ளிக்கானது. இந்தியாவில் ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001-இல் வந்தது. அதன்கீழ் 2002-இல் ஆற்றல் திறன் பணியகம் அமைந்தது. தேசியத் தேர்வில் தேறி அதன் சான்று பெற்ற தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள். உயரழுத்த இணைப்பு, பெரிய விடுதி, வரிசையாகக் குளிர்சாதனங்கள் என்று உங்கள் வளாகம் இருந்தால் அவர்களை அழைப்பதே முறை. இருபது முப்பது வகுப்பறை, ஒரு கணினி ஆய்வகம், ஒரு மோட்டார் என்றிருக்கும் பள்ளிக்கு, முதல் சுற்றை ஓர் ஆசிரியரும் எட்டுப் பத்து மாணவர்களும் ஓர் ஒயர்மேனும் சேர்ந்து இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம்.

தொடங்கும் முன்

தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்குங்கள். உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என்றால் தாளாளரிடமும் சொல்லிவிடுங்கள். அலுவலக உதவியாளர், காவலாளி, மோட்டார் போடுபவர், சத்துணவு அமைப்பாளர் ஆகிய நால்வரையும் முதல் நாளே உட்காரவைத்துப் பேசுங்கள். எந்த விளக்கு எப்போது அணைகிறது, தொட்டி எப்போது நிரம்பி வழிகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். யாரையும் குற்றம் பிடிக்க வரவில்லை என்பதை அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டால் உண்மையான தகவல் கிடைக்கும். இல்லாவிட்டால் "அதெல்லாம் உடனே அணைத்துவிடுவோம்" என்ற பதில்தான் கிடைக்கும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். நீளமான கணக்கு நோட்டு, கைபேசி, அளவு நாடா, சுவரில் மாட்டும் வெப்பமானி இரண்டு, சாக்கெட்டில் செருகினால் எத்தனை வாட் இழுக்கிறது என்று காட்டும் சிறிய வாட் மீட்டர் ஒன்று. கடைசியாகச் சொன்னது ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கும். ஒயரைக் கவ்வி அதில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒயர்மேனிடமே இருக்கும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மாணவர்கள் மீட்டரைக் கண்ணாடி வழியாகப் படிக்கலாம்; வகுப்பறைச் சுவிட்சைப் போடலாம், அணைக்கலாம். மெயின் பெட்டியைத் திறப்பது, கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டுவது, ஏணியில் ஏறுவது மூன்றும் ஒயர்மேன் வேலை. ஈரக் கையோடு மோட்டார் அறைக்குள் எவரும் நுழையக் கூடாது. கருகிய வாடை, தொட்டால் சுடும் சுவிட்ச் பலகை, உரிந்த ஒயர் எதையாவது கண்டால் தணிக்கையை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்த பிறகே தொடருங்கள். நாங்கள் போன பள்ளிகளில் இப்படி ஏதாவது ஒன்று கண்ணில் படாத பள்ளி இல்லை.

பில்லைப் படியுங்கள்

கடந்த இரண்டு ஆண்டுகளின் மின்கட்டண விவரங்களைத் திரட்டுங்கள். தாழ்வழுத்த இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், ஆண்டுக்கு ஆறு வீதம் பன்னிரண்டு எண்கள் கிடைக்கும். ரூபாயை விட்டுவிட்டு யூனிட்டை மட்டும் முதலில் வரிசையாக எழுதுங்கள். கட்டண வீதம் மாறிக்கொண்டே இருப்பதால், ரூபாயை வைத்து ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

கோடை விடுமுறை விழும் கணக்கை உற்றுப் பாருங்கள். பள்ளி ஒரு மாதத்துக்கு மேல் மூடியிருந்தும் யூனிட் பாதிகூடக் குறையவில்லை என்றால், பூட்டிய பள்ளிக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது.

பிறகு மற்ற வரிகள். உங்கள் பள்ளி எந்த வீதப்பட்டியலில் இருக்கிறது? அரசு மற்றும் உதவி பெறும் கல்வி நிலையங்களுக்கு ஒன்று, தனியார் கல்வி நிலையங்களுக்கு ஒன்று, வணிக இணைப்புக்கு வேறொன்று. கட்டடம் கட்டும்போது வாங்கிய இணைப்பு பழைய வகையிலேயே தொடர்வது உண்டு. அடுத்து, நிலைக்கட்டணம். இது நீங்கள் எரித்த யூனிட்டுக்கு அல்ல, ஒப்புக்கொண்ட மின்பளுவுக்கு. பள்ளி திறந்தாலும் மூடினாலும் கட்ட வேண்டியது. ஒரு பள்ளியில் மூன்று இணைப்பு எண்கள் இருந்தன. மூன்றாவது எண் எதற்கு என்று அலுவலகத்தில் எவருக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்தால், என்றோ மூடிய பழைய விடுதிக் கட்டடத்துக்கானது. யூனிட் பூஜ்யம், நிலைக்கட்டணம் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. அந்த இணைப்பை ஒப்படைக்க ஒரு விண்ணப்பம் போதுமாக இருந்தது.

மின்திறன் காரணி (இழுக்கும் மின்சாரத்தில் எந்தப் பங்கு பயனுள்ள வேலையாகிறது என்ற அளவு) குறைவு என்று அபராதம் ஏதாவது போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இருந்தால் மோட்டாருக்கு ஏற்ற மின்தேக்கியைப் பொருத்தினால் அது நின்றுவிடும். காலதாமதக் கட்டணம் இருந்தால் அது அலுவலகச் சிக்கல். மின் சிக்கல் அல்ல.

வெள்ளி மாலை, திங்கள் காலை

தணிக்கையின் உயிர்நாடி இந்தப் படிதான். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குப் பள்ளியைப் பூட்டும்போது மீட்டர் எண்ணைக் கைபேசியில் படம் பிடியுங்கள். திங்கட்கிழமை காலை 8 மணிக்குத் திறந்தவுடன், ஒரு சுவிட்சையும் போடும் முன், மறுபடி படம் பிடியுங்கள். சனிக்கிழமை வகுப்பு வைக்காத வாரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இடைவெளி 63 மணி நேரம்.

நாங்கள் போன ஓர் உதவி பெறும் பள்ளியில் இந்த 63 மணி நேரத்தில் 31.5 யூனிட் ஏறியிருந்தது. ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்; எனவே 31.5-ஐ 63-ஆல் வகுத்தால் 0.5 கிலோவாட். அதாவது ஆளே இல்லாத பள்ளியில் 500 வாட் இடைவிடாமல் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பள்ளி பூட்டியிருக்கும் 6,780 மணி நேரத்தால் பெருக்கினால் ஆண்டுக்கு 3,390 யூனிட். கரும்பலகையில் இந்தப் பெருக்கலைப் போட்டபோது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நம்பாமல் இரண்டாம் முறை போட்டுப் பார்த்தார்கள்.

ஓர் எச்சரிக்கை: பெரிய மின்பளு உள்ள இணைப்புகளில், மின்னோட்டத்தைச் சிறிதாக்கி மீட்டருக்குத் தரும் மின்னோட்ட மின்மாற்றியோடு மீட்டர் இருக்கும். அங்கே மீட்டர் காட்டும் எண்ணை ஒரு பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். கணக்கீட்டு அட்டையிலோ பில்லிலோ அது குறிக்கப்பட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் உங்கள் கணக்கு பத்து இருபது மடங்கு தவறிப்போகும்.

500 வாட்டைத் தேடிப் பிடிப்பது

மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை சிமிட்டும் என்ற எண் மீட்டரிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பள்ளி மீட்டரில் 1200. கணக்கு எளிது: ஒரு நிமிடத்தில் எத்தனை சிமிட்டல் என்று எண்ணி, 60-ஆல் பெருக்கி, 1200-ஆல் வகுத்தால் அந்த நொடியில் பள்ளி இழுக்கும் கிலோவாட் வந்துவிடும். 1200 உள்ள மீட்டரில் நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல் என்றால் 50 வாட். உங்கள் மீட்டரில் 800 என்றோ 3200 என்றோ இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பெருக்கெண் உள்ள மீட்டராக இருந்தால் அதனாலும் பெருக்க வேண்டியிருக்கும், ஒயர்மேனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சனிக்கிழமை காலை, மீட்டருக்கு முன்னால் ஒரு மாணவி ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். இன்னொருத்தி நேரம் பார்த்தாள். முதல் நிமிடம் ஏழு சிமிட்டல். இரண்டாம் நிமிடமும் ஏழு. மூன்றாம் நிமிடம் திடீரென்று பதினான்கு. "சார், நான் தப்பாக எண்ணிவிட்டேன்" என்றாள். மறுபடி எண்ணினாள், மறுபடி பதினான்கு. எல்லோரும் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றபோதுதான் தாழ்வாரத்தின் கோடியிலிருந்து 'கிர்ர்' என்ற சத்தம் கேட்டது. குடிதண்ணீர்க் குளிரூட்டியின் கம்பிரசர். குடிக்க ஒரு குழந்தையும் இல்லாத சனிக்கிழமையில், தண்ணீரைக் குளிரவைப்பதற்காக அது நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது. ஏழுக்கும் பதினான்குக்கும் உள்ள இடைவெளி அதன் 350 வாட்.

கம்பிரசர் ஓய்ந்த பிறகு ஒயர்மேன் மெயின் பெட்டியில் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள எம்.சி.பி. சுவிட்சை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தார். கணினி ஆய்வகத்தை அணைத்ததும் ஏழு மூன்றாகிவிட்டது. கணினி ஒன்றுகூட ஓடவில்லை. பழைய பேட்டரிகளை ஓயாமல் சார்ஜ் செய்துகொண்டிருந்த யு.பி.எஸ். மட்டும் 180 வாட் தின்றுகொண்டிருந்தது. கலையரங்கத்தை அணைத்ததும் மூன்று ஒன்றாகிவிட்டது. பூட்டியிருந்த மேடைப் பின்னறையைத் திறந்தால் சோக் போட்ட பழைய டியூப்லைட் இரண்டு எரிந்துகொண்டிருந்தன. ஆண்டுவிழாவுக்குப் பிறகு அந்த அறையைத் திறந்ததாக யாருக்கும் நினைவில்லை. மிச்சமிருந்த ஒரு சிமிட்டல் கண்காணிப்புக் கேமராக்கள். அவை ஓடத்தான் வேண்டும்.

இந்த முறையில் எந்தப் பள்ளியிலும் அரை நாளில் திருட்டு யூனிட்டுகளைப் பிடித்துவிடலாம். பணம் கொடுத்து வாங்கும் கருவி எதுவும் இதற்கு வேண்டியதில்லை. திறன் (வாட்), ஆற்றல் (யூனிட்) பற்றி அன்று அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டது எந்தப் பாடப்புத்தகத்திலிருந்தும் அப்படி மனத்தில் பதிந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

எதையெல்லாம் அணைக்கக் கூடாது என்ற பட்டியலையும் அதே நாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கேமரா, ஆய்வகத்தில் வேதிப்பொருள் வைத்திருக்கும் குளிர்பெட்டி, தீயணைப்புச் சாதனம் போன்றவை. யு.பி.எஸ்.ஸை வார இறுதியில் அணைக்கலாம். ஆனால் கோடை விடுமுறை முழுவதும் அப்படியே போட்டுவைத்தால் ஈய அமில பேட்டரி வீணாகிவிடும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு நாள் சார்ஜ் ஏற்ற ஓர் ஆளை நியமியுங்கள்.

அறை அறையாக எண்ணுவது

இப்போதுதான் மின்விசிறிகளை எண்ண வேண்டும். அறைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன கருவி, எத்தனை, எத்தனை வாட், நாளுக்கு எத்தனை மணி நேரம் என்ற நான்கு விவரங்களை மாணவர்கள் எழுதட்டும். சாதாரண மேல்விசிறி 75 வாட். பி.எல்.டி.சி. எனப்படும், மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ளது 30 வாட் அளவு. சோக் போட்ட பழைய டியூப்லைட் குழல் 40, சோக் 12 என்று 52 வாட். எல்.இ.டி. டியூப் 18 முதல் 20. கணினியை வாட் மீட்டரில் செருகிப் பார்த்தே எழுதுங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் எண் அதன் உச்ச அளவு, நடைமுறை அளவு அல்ல.

மணி நேரத்தைக் கேட்டு எழுதாதீர்கள், பார்த்து எழுதுங்கள். விளையாட்டு நேரத்திலும் காலை வழிபாட்டின்போதும் மதிய இடைவேளையிலும் இரண்டு மாணவர்கள் தாழ்வாரத்தில் ஒரு சுற்று வந்து, ஆளில்லாமல் ஓடும் அறைகளை மட்டும் குறித்தால் போதும். ஐந்து நாள் குறித்தால் உண்மை தெரிந்துவிடும்.

எண்ணி முடித்ததும் வாட்டையும் மணியையும் நாளையும் பெருக்கிக் கூட்டி, அதே காலத்து பில்லோடு ஒப்பிடுங்கள். பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் உங்கள் கணக்கை நம்பலாம். மேலே சொன்ன பள்ளியில் இரண்டு மாத பில் 5,000 யூனிட். எங்கள் கூட்டுத்தொகை 4,340. இடித்த 660 யூனிட்டில் 530, நாங்கள் பிடித்த இரவுச் செலவு: 500 வாட், 1,060 மணி நேரம். மீதி 130 எங்கே என்று துருவியபோது, நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடுகிறது என்று சொல்லப்பட்ட மோட்டார் உண்மையில் இரண்டரை மணி நேரம் ஓடியது தெரிந்தது. இந்த ஒப்பீட்டைத் தவிர்த்துவிட்டு எழுதும் தணிக்கை அறிக்கையை நான் நம்ப மாட்டேன்.

சுவிட்ச் பலகையில் எட்டுச் சுவிட்ச் இருக்கும். எது எந்த விசிறிக்கு என்று எழுதியிருக்காது. ஆசிரியர் உள்ளே வந்ததும் எட்டையும் தட்டிவிடுவார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு நிற ஒட்டு, அதே நிறத்தில் அந்த விசிறியின் கம்பியில் ஒரு ஒட்டு: இருபது ரூபாய்ச் செலவு. அதைவிட முக்கியமானது ஒயரிங். பல அறைகளில் விளக்கு வரிசைகள் கரும்பலகையிலிருந்து பின்சுவர் வரை ஒரே சுவிட்சில் இருக்கும். ஜன்னலோர வரிசைக்குத் தனிச் சுவிட்ச் போட்டுவிட்டால் பகலெல்லாம் அந்த வரிசை எரிய வேண்டியதில்லை.

வெளிச்சத்தையும் அளந்து பாருங்கள். வகுப்பறை மேசை மட்டத்தில் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். கைபேசிச் செயலி துல்லியமாகக் காட்டாது என்றாலும் அறைக்கு அறை ஒப்பிடப் போதுமானது. ஜன்னலை மறைத்து வைத்த பீரோ, கண்ணாடியில் ஒட்டிய பழைய விளக்கப்படங்கள், அழுக்கேறிய சுவர் இவற்றை நீக்கிச் சுவருக்கு வெள்ளை அடித்தால் பல அறைகளில் பகலில் விளக்கே வேண்டாம். மாறாக, மேசையில் 300 லக்ஸ் இல்லாத அறையைக் கண்டால் அங்கே விளக்கைக் கூட்டத்தான் வேண்டும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கும் குழந்தையின் செலவில் மின்சாரத்தை மிச்சப்படுத்துவது தணிக்கை ஆகாது.

மோட்டார்

பள்ளியில் அளவெடுக்கப்படாமலேயே ஓடுவது மோட்டார்தான். 2 எச்.பி. மோட்டார் ஏறத்தாழ 2 கிலோவாட் இழுக்கும். தொட்டி நிரம்பி நாளுக்கு அரை மணி நேரம் வழிந்தால் ஆண்டுக்கு 220 யூனிட்டும், அதைவிட மதிப்புள்ள தண்ணீரும் போகும். தொட்டி நிரம்பியதும் தானாக நிறுத்தும் மிதவை சுவிட்ச் முதல் ஆண்டிலேயே தன் விலையைத் திருப்பித் தந்துவிடும்.

அடுத்து, காலித் தொட்டியை நிரப்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 30 மீட்டர் உயர்த்த இயற்பியல் கேட்பது 0.08 யூனிட். சிறிய பம்புகளின் திறன் குறைவு என்பதால் நடைமுறையில் 0.3 யூனிட் வரை ஆகலாம். உங்கள் பள்ளியில் அதே உயரத்துக்கு ஒரு யூனிட் ஆகிறது என்றால் உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு கசிகிறது, அல்லது குழாய் அடைத்திருக்கிறது, அல்லது பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் தேய்ந்துவிட்டது. ஆழ்துளைக் கிணறு என்றால் நீர்மட்டம் வரை உள்ள ஆழத்தையும் உயரத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். கழிப்பறையில் ஒழுகும் குழாய்களைச் சரிசெய்வதும் மின்சாரச் சிக்கனமே. ஒழுகும் ஒவ்வொரு குடமும் மோட்டார் ஏற்றியது.

கூரை, குளிர்சாதனம், சமையலறை, ஜெனரேட்டர்

பிற்பகல் 3 மணிக்குத் தரைத்தளத்து அறையில் ஒரு வெப்பமானி, அதற்கு நேர்மேலே கடைசித் தளத்து அறையில் ஒன்று மாட்டிப் பாருங்கள். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை கூடுதலாக எத்தனை டிகிரி காட்டுகிறதோ, அதுதான் அந்த அறையில் விசிறி ஐந்தாம் எண்ணில் ஓடுவதற்குக் காரணம். மாடியைச் சுத்தமாகக் கழுவிச் சுண்ணாம்புப் பூச்சோ வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ கோடைக்கு முன் அடிப்பது நல்ல முதலீடு. சுண்ணாம்பு மழையில் கரையும்; ஆண்டுதோறும் அடிக்க வேண்டும்.

குளிர்சாதனம் இருந்தால் 24 டிகிரிக்குக் கீழே போக வேண்டாம். 2020 முதல் விற்பனைக்கு வரும் அறைக் குளிர்சாதனங்கள் சுவிட்ச் போட்டதும் 24-இல்தான் தொடங்க வேண்டும் என்பது ஆற்றல் திறன் பணியகத்தின் விதி. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்பது அவர்களுடைய கணக்கு. கதவிடுக்கை அடைக்காமல் இதைச் செய்து பயனில்லை.

மதிய உணவு சமைக்கும் இடத்தில் எரிவாயுவும் ஆற்றல்தான். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் சுமார் 180 யூனிட்டுக்கு இணையான வெப்பம் அடங்கியிருக்கிறது. சிலிண்டர் மாற்றும் தேதியைச் சுவரில் எழுதி வரச் சொல்லுங்கள். மூடி போட்டுக் கொதிக்கவிடுவது, பருப்பை முன்கூட்டியே ஊறவைப்பது, அடுப்புக்குக் காற்று மறைப்பு வைப்பது ஆகியவை சமையலர்களுக்குத் தெரியாதவை அல்ல. பெரிய பாத்திரத்துக்குப் பொருத்தமான மூடியே பல இடங்களில் இருக்காது. அதை வாங்கிக் கொடுங்கள்.

ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட் அளவே தரும். மின்வாரிய யூனிட்டைவிட மூன்று நான்கு மடங்கு விலை. மின்வெட்டில் எதெல்லாம் அதில் ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுத்துப் பிரித்து வையுங்கள்.

எதை முதலில் மாற்றுவது?

இங்கேதான் பள்ளிகள் பணத்தை வீணாக்குகின்றன. வீட்டுக்குப் பொருந்தும் அறிவுரை பள்ளிக்கு அப்படியே பொருந்தாது. பள்ளியில் ஓடும் நேரம் குறைவு. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்து ஒரு கணக்குப் போடுகிறேன். உங்கள் பில்லில் உள்ள வீதத்தை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய டியூப்லைட்டை எல்.இ.டி.யாக மாற்றினால் 32 வாட் மிச்சம். நாளுக்கு 5 மணி நேரம், 200 நாள்: 32 யூனிட், 256 ரூபாய். எல்.இ.டி. டியூபின் விலையும் ஏறத்தாழ அவ்வளவே. ஓராண்டில் திரும்பிவிடும். உடனே மாற்றலாம்.

மின்விசிறியை பி.எல்.டி.சி.யாக மாற்றினால் 45 வாட் மிச்சம். நாளுக்கு 7 மணி நேரம், 200 நாள்: 63 யூனிட், 504 ரூபாய். விசிறி 3,000 ரூபாய் என்றால் ஆறு ஆண்டு ஆகும். நன்றாக ஓடும் விசிறியைக் கழற்றிவிட்டு இதைப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் விசிறி பழுதாகிப் புதிது வாங்கும் நேரத்தில் கணக்கு மாறிவிடுகிறது. சாதாரண விசிறிக்கும் இதற்கும் உள்ள விலை வேறுபாடு 1,200 ரூபாய் என்றால் இரண்டரை ஆண்டில் திரும்பிவிடும். எனவே, "இனி வாங்கும் விசிறி எல்லாம் பி.எல்.டி.சி." என்று ஒரு தீர்மானம் போட்டால் போதும்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வாருங்கள். குளிரூட்டியையும் யு.பி.எஸ்.ஸையும் நேரத்துக்கு அணைப்பது, மேடைப் பின்னறை விளக்குகளை அணைப்பது இவற்றால் ஆண்டுக்குக் கிடைப்பது சுமார் 2,900 யூனிட், 23,000 ரூபாய். அதே 2,900 யூனிட்டை விசிறி மாற்றித்தான் மிச்சப்படுத்துவேன் என்றால் 46 விசிறி வாங்க வேண்டும்: 1,38,000 ரூபாய்.

சூரிய மின்தகடு பற்றி எல்லோரும் கேட்பார்கள். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும். பத்து சதுர மீட்டர் மாடி இடம் வேண்டும். பள்ளி இயங்குவது பகலில் என்பதால் பொருத்தமானதே. ஆனால் வெயில் கொளுத்தும் மே மாதத்தில் பள்ளி மூடியிருக்கும். அப்போது உற்பத்தியாகும் மின்சாரத்துக்கு மின்வாரியம் எந்த முறையில் கணக்கு வைக்கும் என்று பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள். தணிக்கை முடித்துத் தேவையைக் குறைத்த பிறகு தகடு வாங்கினால் சிறிய தகடே போதுமாகிவிடும்.

அறிக்கை

நிர்வாகத்திடம் கொடுக்கும் அறிக்கை இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பக்கத்தில் செலவே இல்லாதவை: யார், எதை, எத்தனை மணிக்கு அணைக்க வேண்டும் என்று பொறுப்போடு எழுதுங்கள், "அனைவரும் ஒத்துழைக்க வேண்டும்" என்று எழுதினால் எவரும் செய்ய மாட்டார்கள். இரண்டாம் பக்கத்தில் செலவு உள்ளவை: விலை, ஆண்டு மிச்சம், எத்தனை மாதத்தில் திரும்பும். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மாணவர்களையே பேசவிடுங்கள். மீட்டர் முன் உட்கார்ந்து எண்ணிய பிள்ளை சொல்லும்போது பெற்றோர் கேட்பார்கள். டிசம்பர் 14 தேசிய ஆற்றல் சேமிப்பு நாள். அதையொட்டி வைத்தால் கூட்டம் கூடுவதும் எளிது.

மறுபடி அளப்பது

மாற்றங்கள் செய்து ஒரு மாதம் கழித்து அதே வெள்ளி மாலை, திங்கள் காலை அளவை எடுங்கள். பிறகு மாதம் ஒருமுறை. மேலே சொன்ன பள்ளியில் 31.5 யூனிட் முதல் மாதம் 5-க்கு இறங்கியது. நான்காம் மாதம் 14-க்கு ஏறியது. புதிதாக வந்த அலுவலக உதவியாளருக்குக் குளிரூட்டியின் சுவிட்ச் எங்கே என்று யாரும் காட்டியிருக்கவில்லை. சுவிட்சுக்கு மேலே 'மாலை 4:30' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியதும் மறுபடி 5-க்கு வந்துவிட்டது.

இரண்டு மாத பில்லை ஒப்பிடும்போது போன பில்லோடு ஒப்பிடாமல், போன ஆண்டின் அதே இரண்டு மாதத்தோடு ஒப்பிடுங்கள். வெயில், தேர்வு, விடுமுறை எல்லாம் அப்போதுதான் ஈடாகும். மாணவர் எண்ணிக்கை மாறியிருந்தால் யூனிட்டை அதனால் வகுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டை மேசையில் வைக்காமல் மீட்டர் பெட்டிக்கு அருகில் ஓர் ஆணியில் கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, நேரம், மீட்டர் எண், எடுத்தவர் பெயர் என்று நான்கு கட்டம். பத்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் ஜூன் மாதத்தில் ஒரு நாள் அடுத்த ஒன்பதாம் வகுப்பைக் கூட்டிவந்து, சிவப்பு விளக்கு சிமிட்டுவதை எப்படி எண்ணுவது என்று காட்டிவிட்டு, பேனாவை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.